பன்னிரண்டு மணி நேர வேலையும் உற்பத்தித்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை நீட்டிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் ஒன்றைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பத்தே நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் "நாடு முன்னேற வேண்டுமென்றால் அதிக நேரம் உழைத்தாக வேண்டும்" என்ற பேச்சு அன்றோடு ஓயவில்லை. வேறு மாநிலங்கள் வழியாகவும், ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வழியாகவும் அது மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகப் பட்டறை ஒன்றின் தரச் சோதனை மேசையில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த விவகாரம் பற்றி உறவினர்களும் நண்பர்களும், சிறு பட்டறை முதலாளிகள் சிலரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு மணி நேர வேலை நாளை நான் எதிர்க்கிறேன். ஏன் என்பதைக் கீழே படியுங்கள்.

2023இல் நடந்தது என்ன?

தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த அந்தத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அ.தி.மு.க. எதிர்த்தது. அதைவிட முக்கியம், தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளான காங்கிரஸ், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், ம.தி.மு.க. ஆகியவையும் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வாலும் அதை ஆதரிக்க முடியவில்லை. ஏப்ரல் 24 அன்று தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார்கள். அன்று மாலையே சட்டத்தைச் செயல்படுத்துவது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் பேசிய முதல்வர் மு.க. ஸ்டாலின், திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டுப் பிறகு தொழிலாளர் தரப்பை அழைத்துப் பேசியது தலைகீழ் வரிசை. அந்தப் பேச்சு ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்திருக்க வேண்டும். எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்கியதை நான் மதிக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவர்கள் அதைச் செய்வது அரிது.

அந்தத் திருத்தத்தில் என்ன இருந்தது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65அ என்ற புதிய பிரிவைச் சேர்க்க முனைந்தார்கள். பார்ப்பதற்குச் சிறிய பிரிவுதான். எந்தத் தொழிற்சாலைக்கும், அல்லது எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும், வேலை நேரம் பற்றிய விதிகளிலிருந்து மாநில அரசு விலக்களிக்கலாம் என்பது அதன் சாரம். எந்தெந்த விதிகள் என்று பாருங்கள்: வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு, வாராந்திர விடுமுறை, நாளுக்கு 9 மணி நேர உச்சவரம்பு, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர இடைவேளை, இடைவேளைகளையும் சேர்த்து ஆலைக்குள் இருக்கும் நேரம் பத்தரை மணியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, மிகைநேரத்துக்கு (ஓவர்டைம்) இரட்டைச் சம்பளம்.

"வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது" என்று தொழில் துறை அமைச்சர் தங்கம் தென்னரசு விளக்கம் தந்தார். மின்னணுப் பொருட்கள், தோல் அல்லாத காலணி போன்ற சில துறைகளுக்கு மட்டுமே என்றும் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த உறுதிமொழி பேச்சில் இருந்தது, சட்ட வாசகத்தில் இல்லை. நாளை வேறொரு அமைச்சர், வேறொரு ஆட்சி வரும்போது கையில் இருக்கப்போவது வாசகம் மட்டுமே.

நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை. நல்லதுதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பன்னிரண்டு நான்கு நாற்பத்தெட்டு, கணக்கு சரிதான். காகிதத்தை எடுத்து இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்.

வாரம் ஆறு நாள், இரவு பகலாக ஓடும் ஓர் எந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வாரத்துக்கு 144 மணி நேரம் ஓடுகிறது. ஒருவர் 48 மணி நேரம் உழைத்தால் அந்த எந்திரத்துக்கு மூன்று பேர் வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டாக ஆறு நாள் வந்தாலும் மூன்று பேர்தான், பன்னிரண்டு மணி நேர ஷிப்டாக நான்கு நாள் வந்தாலும் மூன்று பேர்தான். 48 மணி நேர வரம்பை உண்மையாகவே கடைப்பிடித்தால் முதலாளிக்கு ஆள் செலவில் ஒரு ரூபாயும் குறையாது. ஷிப்ட் மாற்றங்கள் சில குறையும், பஸ் நடைகள் சில குறையும், அவ்வளவே.

அதே பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஆறு நாளும் வரச்சொன்னால் ஒருவருக்கு 72 மணி நேரம் ஆகிறது. அப்போது அந்த எந்திரத்துக்கு இரண்டு பேர் போதும். மூன்றில் ஒருவருக்கு வேலை போய்விடும். ஆள் கணக்கில் பெரிய ஆதாயம் கிடைப்பது இந்த இரண்டாவது வழியில்தான். அதனால்தான் 48 மணி நேர வரம்பையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தது என்னை உறுத்தியது. வாரக் கணக்கை மாற்றும் எண்ணமே இல்லையென்றால் அந்தப் பிரிவைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

பழைய சட்டத்தில் நெகிழ்வே கிடையாதா?

இருந்தது. தாராளமாகவே இருந்தது. வழக்கத்துக்கு மீறிய வேலைப்பளு வரும்போது அனுமதி பெற்று நாளுக்கு 12 மணி நேரம் வரை, வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்க 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவே இடம் கொடுத்தது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் மிகைநேரம் கூடாது, மூன்று மாதத்தில் மொத்த மிகைநேரம் 75 மணியைத் தாண்டக் கூடாது, அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். தீபாவளிக்கு முன்னால் வரும் அவசர ஆர்டருக்கு இது போதும். ஆண்டு முழுவதையும் தீபாவளிக்கு முந்தைய வாரமாக மாற்ற நினைத்தால்தான் போதாது.

உற்பத்தித்திறன் என்றால் என்ன?

உற்பத்தி வேறு, உற்பத்தித்திறன் வேறு. எட்டு மணி நேரத்தில் 400 பீஸ் எடுத்தால் மணிக்கு 50. பன்னிரண்டு மணி நேரத்தில் 540 பீஸ் எடுத்தால் மொத்த உற்பத்தி கூடியிருக்கிறது; மணிக்கு 45 என்று உற்பத்தித்திறன் குறைந்திருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உழைக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்பவர் உற்பத்தித்திறனைப் பற்றிப் பேசவில்லை என்பதைப் பார்ப்பவர்களாவது கவனிக்க வேண்டும்.

கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதலாகத்தானே விளையும்?

கொஞ்ச தூரம் வரை விளையும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் ஓர் அரசுக் குழு பதிவு செய்து வைத்தது. அந்தத் தரவுகளை எடுத்து ஜான் பென்கவேல் என்ற பொருளாதார அறிஞர் 2014இல் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்தின் விளைச்சலும் சுருங்கிக்கொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தியைவிட மிகச் சிறிதளவே கூடுதலாக இருந்தது. பதினான்கு மணி நேர உழைப்பு ஏறக்குறைய வீண்.

இந்த எண்களைப் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டறையில் கார் பிரேக்குக்கான சிறிய புஷ் (நடுவில் துளையுள்ள உருளை) ஒன்றை லேத்தில் கடைந்து எடுப்போம். துளையின் அளவைச் சோதிக்க என்னிடம் ஒரு கேஜ் இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. காலை ஷிப்டின் முதல் ஐந்து மணி நேரத்தில் தட்டு தட்டாகச் சோதித்தாலும் தள்ளுபடிப் பெட்டியில் நாலைந்து பீஸ்தான் விழும். ஷிப்ட் முடிந்து மிகைநேரத்துக்கு நிற்பவர்களின் தட்டு வரும்போது, போகக் கூடாத முனை உள்ளே போகத் தொடங்கும். வெட்டும் முனை தேய்ந்தால் லேத்தின் ஒலி மாறும். மெல்லிய கீறல் சத்தம் ஒன்று கலந்து வரும். களைப்பில்லாத காதுக்கு அது உடனே கேட்கும். பத்தாவது மணி நேரத்தில் அதே ஆளுக்கு, அதே லேத்தில், அது கேட்காது. நாற்பது பீஸ் கெட்ட பிறகுதான் என் மேசையிலிருந்து சத்தம் போகும். அந்த நாற்பதுக்கும் இரும்பு செலவாகியிருக்கிறது, மின்சாரம் செலவாகியிருக்கிறது, இரட்டைச் சம்பளமும் செலவாகியிருக்கிறது.

கெட்டது பீஸாக இருந்தவரை நல்லது. ஒரு முறை விரல் போனது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்த பையன், இருபத்திரண்டு வயது. தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். அடுத்த வாரம் கட்டுப்போட்ட கையோடு சம்பளம் வாங்க வந்தவன், பேனாவை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றான். உற்பத்தித்திறன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வருகிறது.

எட்டு மணி நேரம் என்பது நமக்கு எப்படிக் கிடைத்தது?

சும்மா கிடைக்கவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் முன்கை எடுத்தார்கள். பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் தொடக்ககால முறையீடுகளில் ஒன்று.

1922ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் 54 ஆக்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 48 ஆனது; ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வந்துசேரக் கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதல் முறையாக மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். சென்னைக் கடற்கரையில், 1923 மே 1 அன்று. அந்த நிகழ்வுக்கு நூறு ஆண்டு நிறைவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, அதே சென்னையில், அதே எட்டு மணி நேரத்தைத் தளர்த்தும் திருத்தம் நிறைவேறியது. பழைய தொழிற்சங்கத் தோழர் ஒருவர் என்னிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

விருப்பப்பட்டவர்கள் மட்டும் செய்தால் போதும் என்றார்களே?

இந்திய ஆலைகளில் பத்தில் நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்தக்காரர் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. அப்படிப்பட்டவர் மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? பதினோரு ஆண்டில் அப்படிச் சொன்னவர்கள் இருவரைப் பார்த்திருக்கிறேன். இருவரும் அந்த மாதக் கடைசிக்கு மேல் இருக்கவில்லை.

பெண் தொழிலாளர்களுக்கு இதில் தனியாக என்ன பாதிப்பு?

இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதனால் இங்கே வேலை நேரம் பற்றிய கேள்வி முதலில் பெண்களைப் பற்றிய கேள்வி.

பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்கக் கூடாது என்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வாய்ப்பை மறுக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நேரத்தை நீட்டிப்பது வேறு விஷயம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செய்யாறு, வந்தவாசி பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களைக் கணக்கில் எடுங்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு விடியுமுன்பே சாலையோரப் புளியமரத்தடியில் நின்றாக வேண்டும். அதற்கு முன்பே எழுந்து சமைத்திருக்க வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்றால் வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் பதினைந்து. மிச்சமிருக்கும் ஒன்பதில் சமையல், குழந்தை, துணி, தூக்கம். எதை வெட்டுவாள்? தூக்கத்தைத்தான்.

விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பயணம் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றுச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எந்த நிலையில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதிகளை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டியது. 2024 ஆகஸ்டில் அவை திறக்கப்பட்டன. நான் வரவேற்கும் சீர்திருத்தம் இது. நன்றாகத் தூங்கி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு வருகிறவளின் எட்டு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

சட்டத்தைத் தளர்த்தாவிட்டால் முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடாதா?

இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. கர்நாடகம் 2023 பிப்ரவரியிலேயே இதே போன்ற திருத்தத்தை நிறைவேற்றிவிட்டது. தமிழ்நாடு அவசரப்பட்டதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம். 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்ற இலக்கை அரசே அறிவித்திருக்கும்போது, முதலீட்டாளர் கேட்பதை மறுப்பது எளிதில்லை என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. அந்த இடத்தை எட்டு மணி நேரச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் பிடித்திருக்கிறோம். துறைமுகங்கள், பாலிடெக்னிக்குகள், பெண்களைப் படிக்க வைத்த சத்துணவும் பள்ளிகளும், ஊருக்கு ஊர் போகும் பஸ் ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஆலைகள் வந்தன. திருத்தத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் ஆலைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேலை நேரத்தில் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட ஆரம்பித்தால் அந்தப் போட்டிக்குத் தரையே கிடையாது. நீ பன்னிரண்டு என்றால் நான் பதின்மூன்று என்பான்.

வாரத்துக்கு 70, 90 மணி நேரம் என்கிறார்களே தொழிலதிபர்கள்?

இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. தன் நிறுவனத்துக்காகத் தானே உழைப்பவருக்கும், மாதச் சம்பளத்துக்கு எந்திரத்தின் முன் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பேச்சுகள் மறந்துவிடுகின்றன. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மற்ற நாடுகளில்?

ஜெர்மானியத் தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக 1,340 மணி நேரத்தை ஒட்டித்தான் வேலை செய்கிறார். அந்த நாட்டு எந்திரங்களை விலைக்கு வாங்கித்தான் நம் ஆலைகள் ஓடுகின்றன. சீனாவில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை ஆறு நாள் என்ற வழக்கம் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றமே 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு தென்கொரியா. 52 மணி நேரமாக இருந்த வார உச்சவரம்பை 69 வரை உயர்த்த அந்நாட்டு அரசு முன்மொழிந்தது 2023 மார்ச்சில், அதாவது நம் சட்டத்திருத்தத்துக்கு ஒரு மாதம் முன்பு. இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு பின்வாங்கியது.

அப்படியானால் சீர்திருத்தமே வேண்டாமா?

வேண்டும். மிக வேண்டும். எங்கே என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

ஒரு காலத்தில், முதலாளியின் ஒப்புதலோடு, எங்கள் பட்டறையின் ஒரே ஒரு லேத்துக்கு ஒரு வாரம் குறிப்பெழுதினேன். எட்டு மணி நேர ஷிப்டில் அது உலோகத்தை வெட்டிய நேரம் சராசரியாக ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரம் எங்கே போனது? மின்சாரம் போய் வந்ததில் கொஞ்சம். வார்ப்படம் வராமல் காத்திருந்தது கொஞ்சம். புது வேலைக்கு லேத்தைத் தயார் செய்ய ஆன நேரம் எல்லாவற்றையும்விட அதிகம், ஏனென்றால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். தேய்ந்த வெட்டுமுனைக்கு மாற்று ஸ்டோரில் இல்லாமல் ஒருவர் சைக்கிளில் போய் வாங்கி வந்த இரண்டு மணி நேரமும் அதில் உண்டு. எந்திரத்தின் முன் நின்றவர் சோம்பி இருந்ததால் போன நேரம் என்று எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பைப் பார்த்த முதலாளி இன்னும் இருவருக்கு லேத் தயார் செய்யக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு மிகைநேரத்துக்கு ஆள் நிறுத்துவது பாதியாகக் குறைந்தது.

அந்த முதலாளியின் நேரத்தையும் சொல்ல வேண்டும். கூரையை இரண்டு அடி நீட்டி ஓர் எந்திரம் வைக்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அவர் நடந்தது ஏழு மாதம். ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சான்றிதழ் கேட்டார்கள். வங்கிக் கடனில் வாங்கிய எந்திரம் அந்த ஏழு மாதமும் தார்ப்பாய் மூடிக் கிடந்தது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு 2018இல் தொழில் புரிதலை எளிதாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஒற்றைச் சாளர இணையதளமும் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அவை பயன்படுகின்றன. பத்து இருபது பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர் இன்னமும் மேசை மேசையாகத்தான் அலைகிறார். அரசு தன் கோப்பு நகரும் நேரத்தைக் குறைக்கட்டும். இத்தனை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகப் பொருள் என்ற விதியைச் சிறு பட்டறை வரைக்கும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தட்டும். தொழிலாளியின் மாலை நேரத்தில் கைவைப்பதற்கு முன்னால் செய்யக் கூடிய வேலைகள் இவை.

தொழிற்சாலை ஆய்வாளர்களின் தொல்லையைக் குறைப்பதும் சீர்திருத்தம்தானே?

லஞ்சத்துக்காக வரும் ஆய்வு ஒழிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆய்வே வேண்டாம் என்று போய்விடக் கூடாது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்தில் பட்டாசு ஆலை வெடித்த செய்தி எத்தனை முறை வந்தாலும் அதே விவரங்கள்தான்: அனுமதித்த அளவுக்கு மேல் வேதிப்பொருள், அறைக்குள் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், உள்குத்தகை. ஆய்வாளர் போயிருந்தால் இவை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஆய்வு அறிக்கையை யாரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தால் லஞ்சத்துக்கும் இடம் குறையும், விபத்துக்கும் இடம் குறையும்.

கொரோனா காலத்தில் சில மாநிலங்கள் நேரத்தை நீட்டித்தனவே, அது என்ன ஆயிற்று?

2020 ஏப்ரலில் குஜராத் அரசு பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அறிவிக்கை வெளியிட்டது. மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்தது. பெருந்தொற்றின் பொருளாதாரச் சுமையைத் தொழிலாளர்கள் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம். மிகைநேரம் செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலியைத் தரவும் உத்தரவிட்டது.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பின் நிலைமை என்ன?

1948ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஊதியத் தொகுப்பு 2019இல் நிறைவேறியது. மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தபோது மாநிலங்களவையில் நிறைவேறின.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று சொல்கிறது. காலை முதல் மாலை வரை ஆலையில் இருக்கும் மொத்த நேரம் எவ்வளவு என்பதை அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. புதிய தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் மாநில அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. 2023இல் முன்வாசல் வழியாக வந்து திரும்பிப் போனது, இந்த இடங்கள் வழியாக மறுபடி வரலாம். மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை இருபது பேர் என்று உயர்த்தியிருக்கிறார்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் அம்பத்தூர் பட்டறை இனி சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே இல்லை. வேலை நேரத்தைவிட இது எனக்குக் கவலை தருகிறது. விரல் போகும் பவர் பிரஸ்கள் பெரும்பாலும் அந்தப் பதினைந்து பேர் பட்டறைகளில்தான் இருக்கின்றன.

தொகுப்பில் தொழிலாளிக்குச் சாதகமானதும் இருக்கிறது: தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் மிகைநேரம் வாங்கக் கூடாது. கூலி இரட்டிப்புக்குக் குறையக் கூடாது.

என் ஆலையில் இப்போதே பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்று வேலை செய்த எந்திரம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். கைப்பேசியில் வேண்டாம்; உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், தொலைந்தும் போகும். வேலை நேர அறிவிப்பை ஆலையில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் இருக்கும் நேரத்தையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் மிகைநேரம் தனி வரியாக வருகிறதா, இரட்டிப்பாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடுவது பரவலாக நடக்கிறது.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். சங்கம் இருந்தால் சங்கம் வழியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வரிசையில் நிற்கும் நான்கு பேரும் அதே மாதிரி நோட்டு எழுதட்டும். இரண்டு மாதக் குறிப்புகளோடு ஐந்து பேராக உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ போங்கள். மனுவில் ஐந்து பேரும் கையெழுத்திடுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.